உடம்புக்கு வெளியே தெரிந்த வெளிச்சம்

சிதறல் திருத்தத்துக்கு மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித்தர ஆய்வகத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கையேடும் இருக்கிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவில்பத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று ஜெசிந்தா கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அவளுடைய எலிகளின் இதயம் மங்கிப்போன அந்த வாரத்தைத்தான் எழுத வேண்டும். அவளிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்க மேடம். ஆனா நான் அழுததை எழுதாதீங்க" என்றாள்.

அவள் அழவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

உங்களில் சிலர் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்தவர்கள், சிலர் கணினிப் பக்கமிருந்து வந்தவர்கள். அதனால் அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பெட் ஸ்கேன் எடுக்க, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் சிறிதளவு எலியின் உடம்புக்குள் செலுத்துகிறோம். ஓயாமல் உழைக்கும் உறுப்பு சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்ளும். இதயம் அப்படிப்பட்டது. சர்க்கரை போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கதிர்கள் இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று நேரெதிர்த் திசையில் கிளம்பும். எலியைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் பிடித்து அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இழுக்கும். அப்படி எண்ணற்ற கோடுகள் சேர்ந்ததுதான் படம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில கதிர்கள் வழியில் எதிலாவது மோதித் திசை மாறிவிடும். அது திசை மாறி வந்தது என்பது வளையத்துக்குத் தெரியாது. நேராக வந்ததாகவே எண்ணித் தவறான இடத்தில் கோடு போடும். மார்கழிக் காலையில் கோட்டுச்சேரிப் பக்கமிருந்து வரும் பேருந்தின் முகப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு இருப்பது ஓரிடத்தில், வெளிச்சம் பனியெங்கும் பரவி நிற்கும். சிதறல் நம் படத்துக்குச் செய்வது அதைத்தான்.

திருத்தும் வழி எளிமையானது, அழகானதும்கூட. எலியின் உடம்பு எங்கே முடிகிறது என்பது, பெட்டுக்கு முன் அதே படுக்கையில் வைத்து எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து தெரியும். அந்த எல்லைக்கு வெளியே சர்க்கரை இல்லை, ஆகவே அங்கே வெளிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் அது சிதறல்தான். வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு கலந்திருக்கும் என்று மென்பொருள் மதிப்பிட்டு, அதைக் கழித்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் நடந்ததெல்லாம் இதற்குள் அடக்கம்.

ஜெசிந்தா அப்போது ஒப்பந்தத்தில் இருந்த இளம் ஆய்வாளர். காரைக்கால் நகரத்துப் பெண். ஒரு நிறுவனத்துக்காகப் புற்றுநோய் மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கட்டியை அது கரைக்கிறது என்பது வேறோர் ஆய்வகத்தில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அந்த மருந்து இதயத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்களிடம் வந்த வேலை. எலிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். எது எந்தக் கூட்டம் என்பது படம் எடுக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது. அதே எலிகளைக் கொல்லாமல், பல மாதங்கள் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதயம் பழுதானால் ஆய்வை நிறுத்திவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. ஆய்வு நின்றால் மருந்து மூட்டை கட்டப்படும், எலிகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டும், ஜெசிந்தாவின் ஒப்பந்தமும் அத்தோடு முடியும்.

எலிகளைப் பார்த்துக்கொண்டது பட்டினச்சேரியிலிருந்து வரும் செல்வி. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, மயக்கம் கொடுத்த எலியைப் படுக்கையில் கிடத்துவது, எழும்வரை உடனிருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எலிகளுக்கு நாங்கள் எண் போட்டிருந்தோம். அவள் பெயர் வைத்திருந்தாள். நாளடைவில் நாங்களும் எண்ணை விட்டுவிட்டு அவள் வைத்த பெயர்களையே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

கடற்கரைக்கு அருகில் ஆய்வகம் வைத்திருப்பதன் தொல்லை உங்களுக்கும் இதற்குள் புரிந்திருக்கும். உப்புக்காற்று எதையும் விடாது. அந்த ஆண்டு ஸ்கேனர் படுக்கையின் அடியிலிருந்த வெப்பத் தகடு அரித்துப்போய் வேலை செய்யவில்லை. மாற்றுத் தகடு கேட்டு எழுதியிருந்தோம், வந்து சேரவில்லை. மயக்கத்தில் இருக்கும் எலியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இயந்திரத்துக்காக அந்த அறையில் ஏசி நிற்காமல் ஓடும். எலிகளைச் சூடாக வைத்துக்கொள்ள ஏதாவது வழி பார்த்துக்கொள் என்று செல்வியிடம் சொல்லியிருந்தோம். அவளும் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சுற்றுப் படங்களெல்லாம் முடிந்து, எந்த எலி எந்தக் கூட்டம் என்று உறையைப் பிரித்த பிற்பகலில் ஜெசிந்தா என் அறைக்கு வந்தாள். ஆய்வக இயக்குநரும் கூடவே வந்தார். திரையில் வரிசையாக இதயங்கள். நல்ல எலியின் இதயம் குறுக்குவெட்டில் ஒரு முழு வளையலைப் போல ஒளிரும். பல படங்களில் அந்த வளையலின் இடப்பக்கம் மங்கியிருந்தது. சிலவற்றில் உடைந்ததுபோலவே இருந்தது.

"மருந்து குடுத்ததெல்லாம் ஒரு பக்கம் மங்கல். குடுக்காததெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் இயக்குநர்.

"எல்லாம் இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடுத்ததுல ஒண்ணு நல்லா இருக்கு. குடுக்காததுல ஒண்ணு மங்கலா இருக்கு."

"எது எது?"

"நல்லா இருக்கறது பண்ணையார். மங்கலா இருக்கறது சிணுங்கி."

"பண்ணையாருக்கு எப்பவும் விதிவிலக்கு உண்டுல்ல" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இங்க பாரும்மா, எனக்கும் வருத்தந்தான். ஆனா நாளைக்குச் சாயங்காலம் கம்பெனிக்கு எழுதியாகணும். சந்தேகம் இருந்தா ரெண்டு எலியை வெட்டிப் பாத்துடுவோம். இதயத்தைக் கையில எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடப் போகுது."

"வெட்டிட்டா அதுங்கள மறுபடி ஒட்ட முடியாதே சார்" என்றாள் அவள்.

இயக்குநர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. வெட்டிப் பார்ப்பதுதான் விரைவான வழி. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் விரைவான வழி எது என்பதைவிட, எந்த வழியில் போனால் திரும்பி வர முடியும் என்று நான் பார்ப்பேன். எலியை வெட்டினால் அதற்கு முன் எடுத்த படங்களும் இனி எடுக்கப்போகும் படங்களும் அதோடு போயின. அதைச் செய்யும் முன், திரும்பி வரக்கூடிய எல்லா வழியிலும் ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும்.

எனக்கு உறுத்தியவை இரண்டு. ஒன்று அந்தப் பண்ணையாரும் சிணுங்கியும். கூட்டத்தில் சேராத ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இங்கே இரு கூட்டத்திலும் ஒவ்வொன்று, அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக. இன்னொன்று, மங்கல் எல்லா எலிக்கும் ஒரே இடத்தில் இருந்தது. நஞ்சு இதயத்தைத் தாக்கினால் ஒன்றில் இங்கே, ஒன்றில் அங்கே, ஒன்றில் எங்கும் என்று இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. இத்தனை ஒழுங்காக உடம்பு கெட்டு நான் பார்த்ததில்லை.

இயக்குநர் போன பிறகு ஜெசிந்தாவிடம், "திருத்தம் எதுவும் செய்யாத படத்தைத் திற" என்றேன்.

"அது ஒரே கலங்கலா இருக்குமே மேடம்."

"கலங்கல்தான் வேணும்."

திறந்தாள். எலியின் உடம்புக்கு வெளியே, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், இடப்பக்கம் மட்டும் மெல்லிய வெளிச்சம் படிந்திருந்தது. வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. பண்ணையாரின் படத்தில் இருபுறமும் இருட்டு. சிணுங்கியின் படத்தில் அதே இடப்பக்க வெளிச்சம்.

ஜெசிந்தா அந்தப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, "ஆனா வெளியில இருக்கறதத்தான் மென்பொருள் கழிச்சிடுமே" என்றாள்.

"கழிக்கும். அளவாக் கழிச்சுதா, சேத்துக் கழிச்சுடுச்சா, அதான் கேள்வி. வெளியில அவ்வளவு வெளிச்சம் இருந்தா, உள்ளயும் நிறையக் கலந்திருக்கும்னு அது நெனச்சுக்கும். இல்லாததையும் சேத்து எடுத்துடும்."

"அப்போ இதயம்..."

"இரு. இன்னும் எதுவும் சொல்லாத. உனக்கு நீயே சொல்லிக்காத."

அவளுக்குச் சொன்னேனே தவிர, எனக்குள்ளும் அதே வார்த்தை எழும்பிக்கொண்டுதான் இருந்தது. நல்ல செய்தி வேண்டும் என்று மனது கேட்கும்போதுதான் கண் அதிகமாக ஏமாறும். கெட்ட செய்தியை நாம் இரண்டு முறை சரிபார்ப்போம், நல்ல செய்தியை ஒரு முறைகூடப் பார்க்க மாட்டோம்.

உடம்புக்கு வெளியே வெளிச்சம் என்றவுடன் எங்கள் தொழிலில் முதலில் வரும் சந்தேகம் சிறுநீர். மயக்கத்தில் எலி படுக்கையை நனைத்துவிட்டால், சர்க்கரையின் கதிரியக்கம் அங்கே தங்கிவிடும். கதிர்மானியை எடுத்துக்கொண்டு ஸ்கேனர் அறைக்குப் போனேன். செல்வி அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, படுக்கை ஓரத்துல ஈரம் கீரம் தங்குதா? ஒழுங்கா தொடைக்கறியா?"

அவள் நிமிர்ந்தாள். "என் படுக்கையவா சந்தேகப்படறீங்க? ஒவ்வொரு எலிக்கும் விரிப்பு மாத்தறேன், ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கறேன். எங்க வீட்டுத் தட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது மேடம். வேணும்னா உங்க டிக்டிக் மிஷினை வச்சுப் பாத்துக்குங்க."

வைத்துப் பார்த்தேன். கதிர்மானி சும்மா இருந்தது. செல்வி வாளியைத் தூக்கிக்கொண்டு, "மூத்தரம் இருந்தாத்தானே கத்தும்" என்று வெளியே போனாள்.

நான் அழுக்கைப் பற்றிக் கேட்டேன், அவள் அழுக்குக்குப் பதில் சொன்னாள். இதில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குற்றம் தேடுகிற கேள்வியைக் கேட்டால், அந்தக் குற்றம் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். வேறு எதுவும் கிடைக்காது. "படுக்கையில் என்னவெல்லாம் வைப்பாய்?" என்று கேட்டிருந்தால் எல்லாம் அந்தப் பிற்பகலிலேயே முடிந்திருக்கும்.

அன்று மாலை இயக்குநரின் அறைக்குப் போய், நாளை வரும் கதிரியக்கச் சர்க்கரையில் ஒரே ஓர் எலிக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"எலியை மல்லாக்கப் படுக்க வச்சு எடுக்கணும். வழக்கமா குப்புறத்தானே படுக்க வைக்கறோம். மல்லாத்தினா அதோட இடது பக்கம் படுக்கையோட வலது பக்கத்துக்கு வந்துடும். மங்கல் எலியோட சேந்து எடம் மாறினா அது இதயம். படுக்கையோட அதே பக்கத்துலயே நின்னா அது நம்மளோடது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? வீட்ல சாம்பாரையும் இப்படித்தான் திருப்பிப் போட்டுப் பாப்பீங்களா?"

"சாம்பார்ல யாரும் சாகப் போறதில்ல சார்."

"சரி, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள முடிவு தெரியலன்னா நான் எழுதி அனுப்பிடுவேன். கம்பெனிக்காரங்களை இனிமே நிறுத்தி வைக்க முடியாது."

கதிரியக்கச் சர்க்கரை வெளியூரிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி வரும். வழியிலேயே பெரும்பகுதி சிதைந்து போய்விடும். மிச்சம் வந்து சேருவது எலிகளுக்குப் போதுமானது. மறுநாள் சாலையில் ஏதோ தடை, கார் தாமதமாக வந்தது. அளந்து பார்த்ததில் ஓர் எலிக்குத்தான் தேறும் என்று தெரிந்தது.

ஜெசிந்தா பண்ணையாரை எடுக்கலாம் என்றாள். "அது மருந்து சாப்பிட்ட எலி, நல்லா இருக்கு. மறுபடியும் நல்லா இருந்துச்சுன்னா..."

"நல்லா இருந்துச்சுன்னா நமக்குச் சந்தோஷமா இருக்கும். வேற எதுவும் தெரியாது. இருக்கறதுலயே மோசமான எலி எது?"

அவள் தயங்கினாள். "நோஞ்சான்."

"அதை எடு."

தீர்வு வேண்டுமானால் நமக்குச் சாதகமான எலியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம்மைத் தோற்கடிக்கக்கூடிய எலியைத்தான் வளையத்துக்குள் அனுப்ப வேண்டும். நோஞ்சானின் படத்தில் இதயத்தின் இடச் சுவர் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது.

மயக்கம் கொடுத்து, சி.டி. எடுத்து, படுக்கையை பெட் வளையத்துக்குள் தள்ளும் வேலையைச் செல்வி பார்த்துக்கொண்டாள். நானும் ஜெசிந்தாவும் ஈயக்கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மல்லாக்கக் கிடத்தியதில் செல்விக்கு உடன்பாடில்லை. "மூச்சு முட்டிக்கப் போகுது, பாத்துக்குங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். பதிவு முடிந்து, கணினி படத்தைக் கட்டியெழுப்பும்வரை ஜெசிந்தாவின் கை கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்தபடி இருந்தது.

படம் வந்தது.

எலியின் இதயத்து இடச் சுவர் ஒளிர்ந்தது. முழுசாக, குறையில்லாமல். எதிர்ச் சுவர்தான் இப்போது மங்கியிருந்தது. மங்கல் எலியோடு திரும்பவில்லை. படுக்கையின் இடப்பக்கத்திலேயே நின்றுவிட்டது.

ஜெசிந்தா நாற்காலியை விட்டு இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்திருப்பேன், என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

"நம்மளோடதுதான்" என்றாள். "ஆனா மேடம், மெஷின் கெட்டுப் போயிருந்தா எல்லா எலிக்கும் கெட்டிருக்கணுமே? உப்புநீர் குடுத்ததுக்கெல்லாம் நல்லா வந்திருக்கே?"

சரியான கேள்வி. அந்த மகிழ்ச்சியிலும் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது என்பதற்காகத்தான் அவள் இன்று உங்களுக்குத் தலைமை தாங்குகிறாள். இயந்திரமாக இருக்க முடியாது. சில எலிகளோடு மட்டும் வந்து, சில எலிகளோடு வராமல் போகும் ஏதோ ஒன்று. இருவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"நோஞ்சான் இன்னும் முழிக்கல. எந்திரிக்கிற வரைக்கும் ஒத்தடத்த அப்படியே விடட்டுங்களா, இல்ல சூடு பண்ணி மாத்தவா?"

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"எந்த ஒத்தடம்?" என்றேன்.

அவள் உள்ளே போய் எடுத்துவந்து, "இதுதான்" என்று காட்டினாள். அவள் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம், மேலே முடிச்சு. கல்லுப்பை வறுத்து வேட்டித் துணியில் கட்டிய ஒத்தடப் பொட்டலம்.

நாங்கள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. தேநீர் அறையின் அடுப்பில் அவள் உப்பு வறுப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஜெசிந்தா பார்த்திருக்கிறாள், இயக்குநரே தேநீருக்கு வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் அது எங்கள் யார் கண்ணிலும் ஒரு பொருளாகப் படவில்லை. காய்ச்சல், சளி, மூட்டுவலி, வலை இழுத்துத் தோள்வலி எதுவானாலும் இங்கே எல்லா வீட்டிலும் உப்பு வறுபடும். வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் முதல் நாளே "அது என்ன?" என்று கேட்டிருப்பார். எங்களுக்கு அது காற்றைப் போல.

"இதை எங்க வைப்ப செல்வி?"

"பக்கத்துலதான். வலது பக்கம் மயக்க மருந்துக் குழாய் போகுதுல்ல, அங்க எடமில்ல. இந்தப் பக்கம் அணைச்சு வைப்பேன்."

"எப்போ? சி.டி.க்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சி.டி. உடனே முடிஞ்சிடுமே. அதுக்கப்புறந்தானே ரொம்ப நேரம் உள்ள கெடக்கணும். அப்பதான் சூடா வைப்பேன். முன்னாடியே வச்சா ஆறிப்போயிடாதா?"

"எல்லா எலிக்கும் வைப்பியா?"

"எல்லாத்துக்கும் எதுக்கு? தொட்டுப் பாத்து சில்லுன்னு இருக்கறதுக்குத்தான். இந்த எளச்சுப்போன கூட்டம்தான் நடுங்கும். பண்ணையாருக்குக் கொழுப்பு இருக்கு, அவருக்கு என்னத்துக்கு ஒத்தடம். சிணுங்கிக்குச் சளி, அதுக்கு வச்சேன்."

ஜெசிந்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. மருந்து எலிகளை இளைக்க வைத்தது. இளைத்த எலி குளிர்ந்தது. குளிர்ந்த எலிக்குச் செல்வி ஒத்தடம் வைத்தாள். உப்பு கனமான பொருள். இதயத்திலிருந்து அந்தப் பக்கமாகக் கிளம்பிய கதிர்களில் சிலவற்றை அது விழுங்கியது, சிலவற்றைத் திசை திருப்பி உடம்புக்கு வெளியே வெளிச்சமாகப் பரப்பியது. சி.டி.யில் பொட்டலம் இல்லாததால், அங்கே வெறும் காற்றுதான் இருக்கிறது என்று மென்பொருள் நம்பியது. வெளியே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, சிதறல் மிக அதிகம் என்று எண்ணி, அந்தப் பக்கத்து இதயச் சுவரையும் சேர்த்துக் கழித்துவிட்டது. தனக்குச் சொல்லப்பட்டதை வைத்து அது சரியாகத்தான் கணக்குப் போட்டது. சொல்லாததை அது எப்படித் திருத்தும்?

எங்கள் முகத்தைப் பார்த்துச் செல்வி வேறு மாதிரி புரிந்துகொண்டாள். பொட்டலத்தைப் பின்னால் மறைத்தாள்.

"தப்பாயிடுச்சுங்களா? நீங்கதான் சூடா வச்சுக்கச் சொன்னீங்க. அதுங்க செத்துடக் கூடாதேன்னுதான் வச்சேன். என் மேல எழுதிடாதீங்க மேடம்."

"உன் மேல எழுத ஒண்ணுமில்ல செல்வி" என்றேன். "நீ வைக்கலன்னா பாதி எலி இந்நேரம் போயிருக்கும். எழுதணும்னா தகடு வாங்கித் தராத எங்க மேலதான் எழுதணும்."

அவள் முழுசாக நம்பவில்லை. ஜெசிந்தா எழுந்து போய் அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் சூடாத்தான்க்கா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் செல்வியின் முகம் தெளிந்தது.

இயக்குநரைக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். பிறகு பொட்டலத்தை மேசை மேல் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"உப்பா?"

"உப்புதான் சார்."

"வறுத்ததா?"

"வறுத்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்கு இதை நான் எப்படிங்க எழுதறது? ஒத்தடம்னு எழுதினா அவங்க அகராதியைத் தேடுவாங்க."

"சி.டி.யில் பதிவாகாத ஒரு பொருள் படுக்கையில் இருந்தது, அதனால் சிதறல் திருத்தம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, எல்லா எலிகளையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறோம். இவ்வளவு போதும் சார்."

"ரெண்டை வெட்டிப் பாக்கலாம்னு நேத்து நான்தானே சொன்னேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதம் எழுதப் போனார். அன்று மாலை கம்பெனிக்குப் போன கடிதம் வேறு கடிதமாக இருந்தது.

அடுத்தடுத்து கதிரியக்கச் சர்க்கரை வந்த நாள்களிலெல்லாம் எலிகளை மறுபடி எடுத்தோம். வளையல்கள் ஒவ்வொன்றாக முழுமையாக வந்தன. எல்லாம் என்று சொல்ல மாட்டேன். மருந்து கொடுத்த ஓர் எலியில், ஒத்தடமே இல்லாமல் எடுத்தபோதும், சுவரின் ஒரு மூலை லேசாக மங்கியே இருந்தது. ஜெசிந்தா அதைத் தனியாகக் குறிப்பிட்டு அறிக்கையில் சேர்த்தாள். விட்டுவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு மங்கலுக்குப் பொட்டலம் காரணம் என்று தெரிந்துவிட்டால், எல்லா மங்கலையும் பொட்டலத்தின் தலையில் கட்டத் தோன்றும். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. ஆய்வு தொடர்ந்தது. நிறுவனம் அந்த ஓர் எலியைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தது.

சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. ஒத்தடத்தை நிறுத்திவிடலாம் என்று முதலில் எல்லோரும் சொன்னோம். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. தகடு வரும்வரை எலிகள் எப்படித் தாங்கும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். படம் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக எலியைக் குளிரில் போட முடியாது. குளிர்ந்த எலியின் இதயமும் சர்க்கரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒத்தடத்தை எடுக்காமல், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மெலிந்தது, கொழுத்தது என்று பார்க்காமல் எல்லா எலிக்கும் ஒரே அளவுப் பொட்டலம். அதுவும் சி.டி.க்கு முன்பே வைத்து, பெட் முடியும்வரை அசைக்காமல்.

முதல் முறை அப்படி எடுத்த நாளில் செல்வியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இப்ப உப்புக்கும் சேத்துப் படம் எடுக்கறீங்களா?" என்றாள்.

"ஆமா. அது இருக்குன்னு மெஷினுக்குத் தெரியணும்ல."

சி.டி. படம் திரையில் வந்தது. சாம்பல் நிறத்தில் பண்ணையாரின் உடம்பு, விலா எலும்புகள், ஓரத்தில் முதுகெலும்பு. உடம்பை ஒட்டினாற்போல் இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டலம்.

செல்வி திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"முடிச்சுகூடத் தெரியுதே" என்றாள்.